பன்னிரண்டில் பூஜ்யம்

அயல்நாட்டுப் பெயர்வுத் தீர்ப்பாயம் திருச்சி பைபாஸ் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேரைக் கூட்டிக் கல்யாணம் செய்யும் வழக்கம் ஊரில் ஒழிந்த பிறகு மண்டபத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிகளின் வழக்கை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று எந்த அதிகாரிக்குத் தோன்றியதோ, அந்தப் புண்ணியவான் நீடூழி வாழட்டும். வாசலில் கைகூப்பி நிற்கும் இரண்டு சிமெண்டுப் பெண் பொம்மைகளைக்கூட அவர்கள் அகற்றவில்லை. 'மணமகள் அறை' என்று எழுதிய கதவின் மேல் 'சாட்சிகள்' என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். பந்தி நடந்த கூடத்தில் இப்போது வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாசலில் சேந்தன் பதினோரு மாதமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வயது முப்பத்தெட்டு. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஊரில் முப்பது மாடி, நாற்பது மாடி என்று கட்டித் தள்ளிவிட்டதால் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பதினேழாவது மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் இருபது நிமிடத்தில் போய் நிற்பான். பெற்ற மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் மூன்று வருஷமாக அவனால் போய்ச் சேர முடியவில்லை.

மனைவி இலக்கியா ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை நடத்துகிறவள். பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு வயது ஆதிரையும் மூன்று வயது நிலானியும் அவளோடு இருந்தார்கள். சேந்தனுக்கு நீதிமன்றம் சனிக்கிழமைகளைக் கொடுத்திருந்தது. ஐந்து சனிக்கிழமைகளில் மூன்றை அவன் லிஃப்டுக்குத் தானம் செய்தான். நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பிள்ளைகளைப் போய்ப் பார்க்க முடியாத அளவுக்கு அப்படி ஒரு பொறுப்பான மனிதர்.

இலக்கியாவுக்கு நியூசிலாந்தில் வெலிங்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டு மனுப் போட்டாள். அன்றைக்குத்தான் சேந்தனுக்குள் உறங்கிக்கொண்டிருந்த தகப்பன் விழித்துக்கொண்டான். "எம் பிள்ளைங்கள எவ கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறான்னு பாத்துடறேன்" என்று அலுவலகத்தில் நாலு பேர் கேட்கும்படி மேஜையைத் தட்டினான்.

"சட்டம் ரொம்ப சிம்பிள் சார்," என்றார் அவனுடைய வக்கீல் தாமோதரன். "முன்னெல்லாம் ஜட்ஜு யோசிப்பாரு. பிள்ளைங்களுக்கு எது நல்லது, அப்பன் எப்படி, ஆத்தா எப்படின்னு வருஷக்கணக்குல யோசிப்பாரு. அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க வளந்து அதுங்களே கல்யாணம் பண்ணிக்கும். இப்ப அந்த வேலையே கிடையாது. டெஸ்ட்டுதான்."

"என்ன டெஸ்ட்டு?"

"உங்கள மாதிரியே ஒரு டூப்பு செய்வாங்க. ஆளா இல்ல, திரையில மட்டும். மூஞ்சி, குரல், பேச்சு எல்லாம் நீங்கதான். ஆறு வாரத்துல பெரிய பாப்பாவுக்குப் பன்னெண்டு வீடியோ கால் வரும். ஆறு உங்ககிட்டருந்து, ஆறு டூப்புகிட்டருந்து. எது எதுன்னு சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு கால் முடிஞ்சதும் பாப்பா ஒரு பட்டனை அழுத்தணும். அப்பாவா, டூப்பான்னு. எட்டு தடவை சரியா அழுத்திட்டா, இந்த மனுஷனுக்குப் பதிலா இன்னொன்னை வைக்க முடியாதுன்னு அர்த்தம். பயணம் ரத்து."

"எட்டு வரலைன்னா?"

"வித்தியாசமே தெரியாத பிள்ளைக்கு நீங்க எதுக்கு சார்? டூப்பை அவங்ககூட அனுப்பிச்சு விட்ருவாங்க. பிள்ளைங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகற வரைக்கும் அது பேசும், கதை சொல்லும், பொறந்த நாளுக்குப் பாடும். தகப்பனோட உரிமையைக் குறைவில்லாம கொடுத்தாச்சுன்னு ஃபைலை மூடிருவாங்க."

"அப்ப நான் பேசவே முடியாதா?"

"வருஷத்துக்கு ரெண்டு தரம் பேசலாம். அதுக்கு மேல போனா குழந்தை குழம்பிடும்னு வச்சிருக்காங்க."

சேந்தன் சிரித்தான். "எம் பொண்ணுக்கு என்னைத் தெரியாதா சார்? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவா." மகளின் வகுப்பு ஆசிரியை பேர் என்ன என்று கேட்டால் விழிக்கிற ஆள், மகளுக்குத் தன்னைத் தெரியும் என்பதில் மட்டும் அவ்வளவு உறுதியாக இருந்தான்.

டூப்பு செய்கிற கம்பெனிக்கு மறுமுகம் என்று பேர். எட்டு வருஷமாக வீட்டுக் கேமராவில் பதிவானது, அவன் போனில் பேசியது, குடும்பக் குழுவில் எழுதியது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டு நாற்பது பக்கத் தாளை நீட்டினார்கள். சேந்தன் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் நாற்பதிலும் கையெழுத்துப் போட்டான். அவன் வரிவிடாமல் படிப்பதெல்லாம் லிஃப்டின் கையேடு ஒன்றுதான்.

சோதனை தொடங்கும் நாளில் ஆதிரையை, குழந்தைகளுக்கென்று ஒதுக்கியிருந்த மணமகன் அறைக்கு அழைத்து வந்தார்கள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஒரு கால் போன ஒட்டகச்சிவிங்கிப் பொம்மையும், சுவரில் பெயிண்டால் வரைந்த வானவில்லும் இருந்தன. மறுமுகம் கம்பெனியின் ஷர்மிளா குழந்தைக்குச் சோதனையை விளக்கினாள். பயணம் ரத்தாகும் சங்கதியைக் குழந்தையிடம் சொல்லக்கூடாது என்பது விதி. சொன்னால் குழந்தையின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். ஆகவே குழந்தைக்குப் பாதி விஷயத்தை மட்டும் சொல்வது என்று படித்தவர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள்.

"கண்ணா, டூப்புன்னா பயப்படக் கூடாது," என்றாள் ஷர்மிளா. "எது டூப்புன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்றியோ, அதை உன்கூட ஃப்ளைட்ல அனுப்பிச்சு விடுவோம். ஜட்ஜ் ஆன்ட்டியே ஆர்டர் போடுவாங்க. அப்பா இங்கயே இருப்பாரு. சரியா?"

ஆதிரை யோசித்தாள். "டூப்புக்கு டிக்கெட்டு எடுக்கணுமா?"

"வேணாம்டா செல்லம்."

"ஜட்ஜ் ஆன்ட்டி ஆர்டர் போட்டா அது வந்துதான் ஆகணுமா? மாட்டேன்னு சொல்ல முடியாதா?"

"முடியவே முடியாது. கண்டிப்பா வரும்."

"அம்மா திட்டினா?"

"எவ்வளவு திட்டினாலும் கோச்சுக்காது."

பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சேந்தனும் சிரித்தான். இலக்கியா மட்டும் அவனைப் பார்த்து, "அந்த ஒரு விஷயத்துக்காகவே அதை வாங்கலாம்" என்றாள்.

ஷர்மிளா போன பிறகு தாமோதரன் சேந்தனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சார், டூப்பு உங்கள மாதிரியே இருக்கும். நீங்க அதைவிட உங்கள மாதிரி இருக்கணும். உங்ககிட்ட மட்டும் இருக்கற ஏதோ ஒன்னு பாப்பாவுக்குத் தெரியும்ல? அது என்னன்னு யோசிச்சு அதைக் காட்டுங்க."

சேந்தன் இரண்டு நாள் யோசித்தான். தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்று எதுவும் அகப்படவில்லை. அதனாலென்ன, நல்ல அப்பாவாக இருந்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தான். எட்டு வருஷமாக ஒத்தி வைத்திருந்த வேலையை ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று அந்த மேதைக்குத் தோன்றியது.

முதல் அழைப்பில் பாட்டுப் பாடினான். ஆதிரை கண்கொட்டாமல் பார்த்தாள். இரண்டாவதில் யானை பிளிறுவதையும் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதையும் செய்து காட்டினான். மூன்றாவதற்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கி, நரிக்கு ஒரு குரல், கரடிக்கு ஒரு குரல் என்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தான். தீர்ப்பாயத்தின் சின்னக் கண்ணாடி அறைக்குள் ஒருவன் கரடி மாதிரி உறுமுவதை வெளியே காத்திருந்த மற்ற தகப்பன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கைகளிலும் கதைப் புத்தகங்கள் இருந்தன.

நாலாவது அழைப்பில் அவனுடைய சரக்கு தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் கேள்வி கேட்டான். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தான். ஜெனிட்டா என்று ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவள் பள்ளிக்கூடம் மாறிப் போய்விட்டாள், டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ள இப்போது யாரும் இல்லை என்று ஆதிரை சொன்னாள். அடுத்த அழைப்பில், "ஜெனிட்டா போன் பண்ணாளா?" என்று அவன் கேட்டபோது அவள் தலையை நிமிர்த்திக் கேமராவை உற்றுப் பார்த்தாள்.

ஆறாவது அழைப்பில் இருவரும் அதிகம் பேசவில்லை. அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் முடிந்து திரை இருண்டது. அடுத்த அழைப்பு கிடையாது என்பது சேந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்குக்காகத்தான் இதெல்லாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் வண்டியில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

தீர்ப்பு நாளில் மூன்று உறுப்பினர்கள் மணமேடை இருந்த இடத்தில் அமர்ந்திருந்தார்கள். பின்னால் பூ வளைவு கட்டுகிற இரும்புச் சட்டம் அப்படியே இருந்தது. தலைமை உறுப்பினர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதிரிக்கு ஓர் அழைப்பைக் காட்டச் சொன்னார். ஷர்மிளா ஒன்றைத் திரையில் ஓட விட்டாள்.

திரையில் சேந்தன் உட்கார்ந்திருந்தான். அவன் வழக்கமாகப் போடும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அதே இடது கை மோவாயில்.

"அப்பா, சனிக்கிழமை வருவியா?" என்றது ஆதிரையின் குரல்.

"பாக்கலாம்," என்றது டூப்பு. கண் கீழே எங்கேயோ இருந்தது. மடியில் போன் இருப்பது தெரிந்தது.

"எனக்குக் கலர் பென்சில் வேணும். ஸ்கெட்ச் இல்ல, பென்சில்."

"அம்மாகிட்ட கேளு."

"அப்பா, நான் இன்னைக்கு ஓட்டப் பந்தயத்துல..."

"ஒரு நிமிஷம் இரும்மா." டூப்பு போனை எடுத்துக் காதில் வைத்தது. முகத்தில் திடீரென்று ஓர் உயிர் வந்தது. "ஆங், எந்த பிளாக்கு? உள்ள யாராச்சும் இருக்காங்களா? பயப்படாம இருக்கச் சொல்லு, இதோ வந்துட்டே இருக்கேன்."

அழைப்பு அதோடு முடிந்தது. இலக்கியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அம்மையார் அவளை முறைத்துவிட்டு, தானும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சேந்தன் எழுந்து நின்றான்.

"மேடம், இது அநியாயம். நான் இப்படியா இருக்கேன்?"

அம்மையார் அடுத்த தாளைப் புரட்டினார். தாமோதரன்கூட ஃபைலில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். சேந்தன் உட்கார்ந்தான்.

ஷர்மிளா முடிவை வாசித்தாள். "பன்னிரண்டில் பூஜ்யம். குழந்தை ஆறு முறையும் டூப்பை அப்பா என்றும், ஆறு முறையும் அப்பாவை டூப்பு என்றும் சொல்லியிருக்கிறாள். எங்கள் நிறுவனத்தின் வரலாற்றில் இப்படி ஒரு துல்லியமான பிரதி இதுவரை அமைந்ததில்லை."

"கண்ணைக் கட்டிக்கிட்டு அழுத்தியிருந்தாக்கூட அஞ்சாறு சரியா வந்திருக்குமே," என்று எழுத்தர் சொல்ல, சபை சிரித்தது. புள்ளிவிவரம் படித்த இரண்டு பேர், சட்டம் படித்த ஏழு பேர், மனநலம் படித்த ஓர் அம்மாள் என்று அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அந்த எழுத்தர் வாய் தவறிச் சொன்னதுதான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு என்பது யாருக்கும் தெரியவில்லை.

உத்தரவு வாசிக்கப்பட்டது. தாய் இரு குழந்தைகளுடன் செல்லலாம். தகப்பனின் பிரதி உடன் செல்லும். தகப்பன் ஆண்டுக்கு இரண்டு முறை பேசலாம். அதற்கு மேல் நெருங்குவதென்றால் தாயின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மேல்முறையீடு செய்ய முப்பது நாள். அம்மையார் எழுந்துபோனார், அவர் பின்னால் பூ வளைவின் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது.

பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு வர சேந்தனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். மணமகன் அறைக்குள் போனபோது, ஆதிரை கால் போன ஒட்டகச்சிவிங்கியைச் சுவரில் சாய்த்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், அவள் முகம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து உள்ளுக்குள் நொறுங்கிப் போனான். தகப்பனை மெஷின் என்று சொன்ன குழந்தை எதற்காக அழ வேண்டும்?

"அப்பா, உனக்கு ஸ்வெட்டர் இருக்கா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அங்க காத்து பயங்கரமா அடிக்குமாம். அம்மா எங்களுக்கெல்லாம் வாங்கிடுச்சு. உனக்கு யாரும் வாங்கல."

சேந்தன் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்தான். "அப்பா வரலைடா. கூட வரப்போறது டூப்பு. நீதானே டூப்பைப் பாத்து அப்பான்னு சொன்ன?"

"ஆமா."

"என்னைப் பாத்து டூப்புன்னு சொன்ன."

"ஆமாம்பா." இவனுக்கு எத்தனை தரம் சொல்வது என்கிற மாதிரி அவள் பார்த்தாள்.

"என்னை அடையாளமே தெரியலையாடா உனக்கு?"

"தெரியுமே. முதல் நாளே தெரியும். டூப்பு அச்சு அசல் உன்னை மாதிரியே இருந்துச்சு. நீதான் உன்னை மாதிரியே இல்லை. பாட்டெல்லாம் பாடின. அப்புறம் உன் நகத்துல கிரீஸ் இருக்கும், அதுக்கு இல்லை."

சேந்தன் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தான். கறுப்பாகத்தான் இருந்தன.

"பின்ன ஏன் மாத்தி அழுத்தின?"

ஆதிரை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஷர்மிளா ஆன்ட்டி என்ன சொன்னாங்க? எதை டூப்புன்னு சொல்றேனோ அதை எங்ககூட அனுப்பிடுவாங்க, அப்பா இங்கயே இருக்கும். அதான் உன்னை டூப்புன்னு சொன்னேன். அதை அப்பான்னு சொல்லிட்டேன். அது இங்கயே இருந்துக்கட்டும். நீ டூப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா ஜட்ஜ் ஆன்ட்டிக்குத் தெரியாதுல்ல? ஆர்டர் போட்டுட்டாங்க. இனிமே நீ மாட்டேன்னு சொல்ல முடியாது. டிக்கெட்டுகூட வேணாம்."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"அங்க மலை மேலதான் வீடெல்லாம் இருக்குமாம்," என்று அவள் தொடர்ந்தாள். "கீழ இருந்து வீட்டுக்குப் போக லிஃப்ட் மாதிரி ஒன்னு சாய்வா ஓடுமாம். அம்மா படம் காட்டுச்சு. அது கெட்டுப் போச்சுன்னா நீ சரி பண்ணலாம்."

பன்னிரண்டில் பூஜ்யம். ஒருமுறைகூடத் தவறாமல் தவறாகச் சொல்ல வேண்டுமானால் பன்னிரண்டு முறையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கணக்கு அந்த மண்டபத்தில் யாருக்கும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. இப்போது கதவைத் திறந்து தாமோதரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கு தலைகீழாகும். பயணம் ரத்து. அவன் ஜெயித்துவிடுவான்.

ஆதிரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பளபளப்பு மெல்லக் குறைந்தது.

"அப்பா, நான் தப்பா அழுத்திட்டேனா?"

ஜெயித்தால் இந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் ஆமாம் என்று அவளுக்குச் சொல்வார்கள். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஏன் பொய் சொன்னாய் என்று பெரியவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அம்மாவின் வேலை உன்னால்தான் போயிற்று என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைக்கும்? சனிக்கிழமைகள் கிடைக்கும். ஐந்தில் மூன்றை அவன் முன்புபோலவே ஏதாவது ஒரு பிளாக்கின் லிஃப்டுக்குக் கொடுப்பான். அந்தத் திரையில் பார்த்த ஆளை அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும், அவனை நம்பி ஒரு சனிக்கிழமையைக்கூட ஒப்படைக்க முடியாது.

இன்னொன்றும் அவனைச் செருப்பால் அடித்த மாதிரி உறைத்தது. பதினோரு மாதமாக எத்தனை வக்கீல், எத்தனை தாள், எத்தனை வாய்தா. பிள்ளைகள் போவதா கூடாதா என்று அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தகப்பன் என்கிற பிராணியும் விமானத்தில் ஏறலாம் என்பது எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை.

"இல்லடா," என்றான். "சரியாத்தான் அழுத்தின."

"அப்ப வருவியா?"

நாக்கு தானாகவே 'பாக்கலாம்' என்ற சொல்லுக்குப் போனது. பாதி வந்த சொல்லைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். எட்டு வருஷமாக அவன் அவளிடம் சொன்ன இன்னொரு வாக்கியம், 'அம்மாகிட்ட கேளு', நினைவுக்கு வந்தது, இந்த முறை கேட்க வேண்டியவன் அவன்தான்.

"இரு. நான் போய் அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன்."

கூடத்தில் தாமோதரன் பாய்ந்து வந்து மறித்தார். "சார், பாப்பா ஏதாச்சும் சொல்லுச்சா? முப்பது நாள் இருக்கு. சின்னதா ஒரு நூல் கிடைச்சாப் போதும், நான் கயிறாவே திரிச்சிருவேன்."

"ஸ்வெட்டர் இருக்கான்னு கேட்டா சார்," என்றான் சேந்தன்.

"ஸ்வெட்டரா? அதை வச்சு ஒன்னும் பண்ண முடியாதே."

"பண்ண வேணாம் சார். அப்பீல் இல்ல. ஃபைலை மூடிருங்க."

தாமோதரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டியவர் போல நகர்ந்து அடுத்த கட்சிக்காரரிடம் போனார்.

இலக்கியா வாசலில் சிமெண்டுப் பெண் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தோளில் நிலானி தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும் இலக்கியாவின் முகம் இறுகியது.

"என்ன, அப்பீலா?"

"இல்ல." எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றதுக்கு ஆள் எடுப்பாங்களா?"

"என்னது?"

"வெலிங்டன்ல. மலைல ஏதோ சாய்வா ஓடுமாமே. ஆதிரை சொன்னா."

அவள் அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. "யாரு, நீயா? சனிக்கிழமை நாலு கிலோமீட்டர் வர முடியாதவன் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் வரப் போறியா? நடுவுல எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா ஃப்ளைட்ட நிறுத்தி இறங்கிடுவியே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

"உன் வீட்ல இல்ல," என்றான். "உன் தெருவும் வேணாம். அந்த ஊர்ல எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கறேன். ஆர்டர்ல வருஷத்துக்கு ரெண்டு கால்தான் போட்ருக்கு. அதுக்கு மேல பாக்கணும்னா நீ எழுதிக் கொடுக்கணும். கொடுப்பியான்னு கேக்கறேன்."

"திடீர்னு என்ன வந்துச்சு உனக்கு? அவ ஏதாவது சொன்னாளா?"

சொல்லலாம். சொன்னால் இலக்கியா இளகுவாள். பிள்ளையின் ரகசியத்தை விற்று இன்னொரு தரம் ஜெயிக்கலாம்.

"இல்ல," என்றான். "நானாத்தான் கேக்கறேன்."

நிலானி தூக்கத்தில் சிணுங்கினாள். இலக்கியா அவளை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சாலையில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவனுடைய கைகளைப் பார்த்தாள்.

"பாக்கலாம்," என்றாள்.

அந்தச் சொல்லை அவன் வீட்டில் பல்லாயிரம் முறை எடுத்து எறிந்திருக்கிறான். அது தன் மேல் வந்து விழுவது இதுதான் முதல் முறை. இதற்கு மேல் அதில் கேட்க ஒன்றும் இல்லை என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

ஆதிரை மணமகன் அறையின் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒட்டகச்சிவிங்கி ஒருவழியாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"அம்மா என்ன சொல்லுச்சு?"

பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "பாக்கலாம்னு சொன்னா," என்று சொல்லிவிட்டு, அவள் முகம் வாடுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் தரையைப் பார்த்தான்.

ஆதிரை கைதட்டிக்கொண்டு குதித்தாள். "அப்ப ஸ்வெட்டர் வாங்கு! பச்சைக் கலர் வாங்கு!"

"பாக்கலாம்னுதானேடா சொன்னா?"

"ஐயோ அப்பா. நீ சொன்னாத்தான் இல்லைன்னு அர்த்தம்," என்றாள் அவள். "அம்மா சொன்னா நெஜமாவே பாக்கும்."